வெளிப்படையும் இயல்பும்: கணிதத்தில் ‘ட்ரிவியல்’ என்னும் சொல்லும் சி. எஸ். சேஷாத்திரியின் 1958ஆம் ஆண்டுத் தேற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

கணிதவியலார் ‘ட்ரிவியல்’ என வழங்கும் சொல்லுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் ‘வெளிப்படை’ என்பதை ஆள்கின்றன. சமன்பாட்டின் தீர்வைக் குறிக்குமிடத்து அச்சொல் பொருந்துகிறது. ஓர் அமைப்பின் தன்மையைக் குறிக்குமிடத்துப் பொருந்துவதில்லை. செங்கல்பட்டில் பள்ளிக்கல்வி பெற்ற கணிதவியலார் சி. எஸ். சேஷாத்திரி 1958இல் வெளியிட்ட தேற்றத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ப் புணர்ச்சி இலக்கணத்தின் ‘இயல்பு’, ‘திரிபு’ என்னும் சொற்கள் அமைப்புப் பொருளுக்கு ஏற்றவை என்பதை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், வெளிப்படை, இயல்பு, திரிபு, வெக்டர் கற்றை, சேஷாத்திரி, புணர்ச்சி

ஒரு தலைப்பின் சிக்கல்

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ் 1958ஆம் ஆண்டில் இந்தியக் கணிதவியலார் ஒருவரின் குறுங்கட்டுரையை வெளியிட்டது. இருபரிமாண வெளியின்மீது அமையும் வெக்டர் கற்றைகளின் ‘ட்ரிவியாலிட்டி’ என்பது அதன் தலைப்பு. எழுதியவர் சி. எஸ். சேஷாத்திரி, அப்போது அவருக்கு வயது 26.

இத்தலைப்பைத் தமிழாக்க முனைவோர்க்கு அந்த ஒரு சொல்லே தடையாகிறது. பொது அகராதியின் வழிச் சென்றால் ‘அற்பத்தன்மை’ என்று அமையும். அற்பமானதொன்றை நிறுவ ஓர் ஆய்விதழ் எதற்கு என்னும் வினா உடனே எழும். மேல்நிலைப் பள்ளிப் பாடநூலின் வழிச் சென்றால் ‘வெளிப்படைத்தன்மை’ என்றாகும். இச்சொல்லோ இன்று அரசு நிர்வாகம் பற்றிய செய்திகளில் வேறொரு பொருளில் நிலைபெற்றுவிட்டது. அதனைப் பொருட்படுத்தாது விட்டாலும், வெளிப்படையாக உள்ள ஒன்றுக்கு நிறுவல் தேவையில்லை என்பதால் தலைப்பு தன்னைத்தானே மறுப்பதாகிவிடும்.

மூலச்சொல் ஒரே வடிவில் நின்று கணிதத்தில் மூன்று வேறு பணிகளைச் செய்கிறது என்பதே இத்தடைக்குக் காரணம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கற்போர் பழக்கத்தால் அவற்றைப் பிரித்தறிந்துகொள்கின்றனர். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்றுக் கல்லூரிக் கணிதத்துக்குள் நுழையும் மாணவர் ‘வெளிப்படை’ என்னும் ஒற்றைச் சொல்லோடு வருகிறார். விரிவுரையில் ‘ட்ரிவியல்’ என்னும் சொல் வருமிடமெல்லாம் ‘எளிது, எல்லார்க்கும் தெரிந்தது’ என்றே அவர் கொள்வார். தமக்கு அது தெரியாமைக்குத் தம் குறையே காரணம் எனவும் கொள்வார். சொல்லின் பொருள் பிரியாமையால் விளையும் இத்தாழ்வுணர்வு சிறியதன்று.

சேஷாத்திரி

காஞ்சிபுரத்தில் 1932 பிப்ரவரி 29 அன்று பிறந்த சேஷாத்திரியின் பள்ளிப்பருவம் செங்கல்பட்டில் கழிந்தது. அவருடைய தந்தை அவ்வூரில் வழக்கறிஞர். பின்னர்ச் சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றார். பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவியான சார்லஸ் ரசின் அக்கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்தார். தம் காலத்துப் பிரெஞ்சுக் கணிதத்தின் போக்குகளைச் சென்னை மாணவர்க்கு அறிமுகப்படுத்தியவர் அவர். 1953இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த சேஷாத்திரி 1957 முதல் 1960 வரை பாரிசில் தங்கினார். மேற்குறித்த கட்டுரை அக்காலத்தது.

அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதி மீண்டும் இப்பகுதிக்கே வந்து சேர்கிறது. 1989இல் சென்னையில் அவர் தொடங்கிய கணிதப் பள்ளி சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்து, 2005இல் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய சிறுசேரிக்கு இடம்பெயர்ந்தது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சிறுசேரி, 2019இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ளது. சேஷாத்திரி 2020 ஜூலை 17 அன்று மறைந்தார். கருநாடக இசையில் தேர்ந்த பாடகராகவும் அவர் அறியப்பட்டவர்.

முச்சந்திச் சொல்

‘ட்ரிவியல்’ என்பதன் வேர் இலத்தீனில் மூன்று வழிகள் கூடுமிடத்தைக் குறிக்கும் ‘ட்ரிவியம்’ என்னும் சொல். தமிழின் ‘முச்சந்தி’ அதற்கு ஏறத்தாழ நேரானது. முச்சந்தியில் கிடைப்பது யாவர்க்கும் பொதுவானது, மதிப்புக் குறைந்தது என்னும் கருத்தேற்றம் இரு பண்பாடுகளிலும் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி மலிவுப் பதிப்புப் பாட்டு நூல்களைப் பற்றிய தம் நூலுக்கு ‘முச்சந்தி இலக்கியம்’ எனப் பெயரிட்டதில் இக்கருத்தேற்றமே தொழிற்படுகிறது.

இடைக்கால ஐரோப்பியக் கல்வியில் இலக்கணம், தருக்கம், அணியியல் ஆகிய மூன்றும் சேர்ந்து ‘ட்ரிவியம்’ எனப்பட்டன. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கும் அடுத்த நிலைக் கல்வி. அவ்வகையில் பார்த்தால் ‘ட்ரிவியல்’ என்பது இலக்கணத்தாரின் உடைமை. கணிதத்தார் அதனைப் பின்னாளில் எடுத்தாண்டனர். கலைச்சொல்லுக்கு ஈடு தேடித் தமிழ் இலக்கணத்தை நாடுவது ஆகவே முறைகேடு ஆகாது.

தீர்வில் வெளிப்படை

முதற்பொருள் பாடநூல் கற்பிப்பது. இரண்டு மாறிகளைக் கொண்ட இரு சமன்பாடுகளைக் கொள்வோம்: x + y = 0, x − y = 0. இரண்டு மாறிகளுக்கும் பூச்சியத்தைப் பதிலிட்டால் இரண்டும் நிறைவுறும். இதற்குக் கணக்கிட வேண்டியதில்லை. வலப்பக்கம் பூச்சியமாக உள்ள எத்தகைய நேரியச் சமன்பாட்டுத் தொகுப்புக்கும் இத்தீர்வு உண்டு. இதுவே வெளிப்படைத் தீர்வு. மேற்கண்ட தொகுப்புக்கு இதைத் தவிர வேறு தீர்வில்லை. மாறாக x − 2y = 0, 3x − 6y = 0 என்னும் தொகுப்புக்கு x = 2, y = 1 என்பதும் தீர்வாகும். அது வெளிப்படையற்ற தீர்வு. அத்தகைய தீர்வு உண்டா என்பதற்குக் கெழுக்களின் அணிக்கோவையைக் காணவேண்டும். அது பூச்சியமானால் உண்டு.

வெளிப்படைத் தீர்வு தொகுப்பைப் பற்றி எதையும் அறிவிப்பதில்லை. எல்லாத் தொகுப்புக்கும் பொதுவாக இருப்பது எந்தத் தொகுப்பின் தனித்தன்மையையும் காட்டாது. ‘முச்சந்தி’ என்னும் வேர்ப்பொருள் இங்கு உயிர்ப்புடன் நிற்கிறது. எனினும் கணிதவியலார் அதனைக் கணக்கிலிருந்து நீக்குவதில்லை. பூச்சியத்தை விலக்கினால் தீர்வுகளின் தொகுதி கூட்டலுக்கு அடைவு பெறாமல் சிதையும். விகாரமில்லாத புணர்ச்சியையும் ஒரு புணர்ச்சி வகையாக எண்ணிய தமிழ் இலக்கணத்தார்க்கு இந்நுட்பம் புதிதன்று.

இப்பொருளின் புகழ்பெற்ற ஆட்சி ரீமானின் ஜீட்டா சார்பில் உள்ளது. −2, −4, −6 எனச் செல்லும் இரட்டைக் குறையெண்களில் அச்சார்பு பூச்சியமாகிறது. இவை வெளிப்படைப் பூச்சியங்கள். எஞ்சியவை கலப்பெண் தளத்தில் 0, 1 ஆகியவற்றுக்கு இடைப்பட்ட செங்குத்துப் பட்டையில் கிடப்பவை. 1859இல் ரீமான் எழுப்பிய, இன்றும் நிறுவப்படாத கருதுகோள் அவற்றைப் பற்றியது. ராமானுஜனின் பகா எண் ஆய்வுகள் இவ்விடத்தில் தடுமாறியவை. ஜீட்டா சார்புக்குக் கலப்பெண் பூச்சியங்களே இல்லையெனில் பகா எண் கோட்பாடு எவ்வாறிருக்குமோ அவ்வாறே ராமானுஜனின் கோட்பாடு அமைந்தது என்னும் கருத்தை ஹார்டி தம் சொற்பொழிவுகளில் பதிவு செய்துள்ளார். வெளிப்படையற்றவற்றை விட்டுவிட்டால் பகா எண்களின் நுண்மையான ஏற்றத்தாழ்வுகள் முழுவதும் கைநழுவும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

நிறுவலில் வெளிப்படை

இரண்டாம் பொருள் நிறுவலின் ஒரு படியைப் பற்றியது. ‘இது வெளிப்படை’ என்று எழுதி அடுத்த படிக்குச் செல்வது கணித நூல்களின் வழக்கம். தமிழ் உரைமரபில் ‘பொருள் வெளிப்படை’ என்று குறித்துக் கடப்பதும் இதுவே. பொருள் விளங்கிக் கிடக்கும் சொற்களைத் தாம் விளக்கப்போவதில்லை என்று தொல்காப்பியர் உரியியலில் வரையறுத்துக்கொள்வதையும் இங்கு நினைக்கலாம்.

இவ்வாட்சி நூலைப் படிப்பவரையும் சார்ந்தது. ஜீட்டா சார்பின் −2, −4 முதலிய பூச்சியங்கள் வெளிப்படையாவது, ரீமான் தந்த சார்புச் சமன்பாட்டை அறிந்தவர்க்கே. கரும்பலகையில் ‘இது ட்ரிவியல்’ என்று எழுதிய பேராசிரியர், ‘உண்மையாகவே அப்படியா’ என மாணவர் வினவ, அறையைவிட்டு வெளியேறி நெடுநேரம் எண்ணிப்பார்த்துத் திரும்பிவந்து, ‘ஆம், ட்ரிவியல்தான்’ என்றாராம். பலர் பெயரில் ஏற்றிச் சொல்லப்படும் செவிவழிக் கதை இது. உரையாசிரியர் ‘வெளிப்படை’ என்று விட்டுச்சென்ற பாடலின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தவர்கள் தமிழ்த் துறைகளிலும் உண்டு.

அமைப்பில் இயல்பு

சேஷாத்திரியின் தலைப்பில் உள்ளது மூன்றாம் பொருள். இதனைக் கையால் செய்து பார்க்க ஒரு பனையோலை நறுக்குப் போதும். நீண்ட நறுக்கொன்றின் இருமுனைகளையும் அப்படியே பொருத்தி ஒட்டினால் வளையம் கிடைக்கும். ஒரு முனையை அரைச்சுற்றுத் திருப்பி ஒட்டினால் மோபியஸ் பட்டை கிடைக்கும். ஒட்டிய இடத்தை மறைத்துவிட்டு ஏதேனும் ஒரு சிறு பகுதியை மட்டும் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே: நேரான ஓலைத் துண்டு. முழுதும் சுற்றிவந்தால்தான் வேறுபாடு தெரியும். வளையத்தின் ஓர் ஓரத்தில் விரலை வைத்துச் சுற்றினால் விரல் அதே ஓரத்துக்குத் திரும்பும். மோபியஸ் பட்டையில் எதிர் ஓரத்தைச் சென்றடையும்.

வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நேர்கோட்டு இழையை நிறுத்தி, அவ்விழைகளைத் தொடர்ச்சியாகக் கோத்தால் கிடைப்பது கற்றை. கோத்தது ‘வட்டம் × நேர்கோடு’ என்னும் பெருக்கல் வடிவத்துக்கு நிகராயின் அதனை ‘ட்ரிவியல்’ கற்றை என்பர்; இல்லாவிடில் ‘நான்ட்ரிவியல்’. எல்லா வெக்டர் கற்றைகளும் சிறு இடத்தளவில் ‘ட்ரிவியல்’ ஆனவை என்பது வரையறையிலேயே அடங்கும். துண்டுகளை ஒட்டும் முறையில்தான் வேறுபாடு நுழைகிறது.

இனி ஒரு முனையை முழுச்சுற்றுத் திருப்பி, அஃதாவது அரைச்சுற்றை இருமுறை செய்து, ஒட்டலாம். கண்ணுக்கு இது மோபியஸ் பட்டையைவிட முறுக்கேறியதாகத் தோன்றும். விரலை ஓர் ஓரத்தில் வைத்துச் சுற்றினாலோ அது அதே ஓரத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் அந்த ஓரத்தை ‘மேல்’ எனப் பெயரிட்டுக்கொண்டே சென்றால் எங்கும் முரண்பாடு எழாது. கற்றை என்னும் நிலையில் இது சாதாரண வளையத்துக்கு நிகர். முறுக்கு நம் வெளியில் அது கிடக்கும் விதத்துக்குரியது. அமைப்பில் ‘ட்ரிவியல்’ ஆன ஒன்று தோற்றத்தில் அவ்வாறு இராமல் போகலாம் என்பதை இவ்வோலை நறுக்கே காட்டிவிடுகிறது. ‘வெளிப்படை’ என்னும் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் பிழைபடுகிறது. இங்கு ‘ட்ரிவியல்’ என்பது காண்பவரின் அறிவைப் பற்றிய கூற்றன்று. பொருளின் உள்ளமைப்பைப் பற்றிய கூற்று.

எதிர்த்தன்மைக்கு மாமல்லபுரக் கடற்கரை ஓர் எடுத்துக்காட்டுத் தரும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையின் நிலப்படத்தில், ஒரு குறித்த கணத்தில் காற்று வீசும் திசையை ஒவ்வோரிடத்திலும் அம்புக்குறியால் வரைவதாகக் கொள்வோம். வாடையோ கொண்டலோ, அம்புகள் எங்கும் பூச்சியமாகாமல் ஒன்றையடுத்து ஒன்று சீராகத் தொடரும்படி அமைதல் இயலும். நிலப்படத்தை வங்கக்கடல், இந்தியப் பெருங்கடல் என விரித்தாலும் இயலும். புவிக்கோளம் முழுவதையும் தழுவும்போது மட்டும் இயலாது. தரைக்கு இணையாக வீசும் காற்று அற்றுப்போகும் ஓரிடமாவது கோளத்தில் இருந்தே தீரும். கோளத்தின் தொடுதளக் கற்றை ‘நான்ட்ரிவியல்’ ஆதலே காரணம். கரையில் நிற்பவர்க்கு எந்தக் குறையும் தென்படாது; குறை எந்த ஓரிடத்துக்கும் உரியதன்று.

1955 முதல் 1976 வரை

கோளத்துக்குப் பதிலாகச் சமதளத்தைக் கொண்டால் நிலை மாறுகிறது. தளத்தை ஒரு புள்ளியாகப் படிப்படியாகச் சுருக்கலாம். சுருங்கும்போது கற்றையும் உடன் சுருங்கிவருவதால், திரிபு தங்கி நிற்க இடமில்லை. தளத்தின்மீதான எல்லாக் கற்றைகளும் ‘ட்ரிவியல்’ ஆகிவிடும். தொடர்ச்சியான சார்புகளைக் கருவியாகக் கொள்ளும் இடவியலில் இது தொடக்கநிலை முடிவு. பல்லுறுப்புக்கோவைகளை மட்டுமே கருவியாகக் கொள்ளும் இயற்கணித வடிவியலில் இம்முறை செல்லாது. அங்கே கற்றை பல்லுறுப்புக்கோவைகளால் அமைந்தது. அதனைப் பெருக்கல் வடிவமாக மாற்றிக் காட்டுவதும் பல்லுறுப்புக்கோவைகளாலேயே ஆகவேண்டும். வெட்டி ஒட்டுவதற்கும் மெல்ல வளைப்பதற்கும் இடமில்லை.

வினாவை அணிகளின் மொழியில் வைக்கலாம். இரண்டு பல்லுறுப்புக்கோவைகள் f, g; ஏதேனும் a, b என்னும் பல்லுறுப்புக்கோவைகளைக் கொண்டு af + bg = 1 ஆகிறது எனக் கொள்வோம். f, g என்பதை முதல் நிரையாகக் கொண்டு, அணிக்கோவை 1 ஆகுமாறு சதுர அணியை நிரப்ப இயலுமா? இயலும், இரண்டாம் நிரையில் −b, a என்று எழுதினால் முடிந்தது. எடுத்துக்காட்டாக முதல் நிரை x, 1 − xy எனில், இரண்டாம் நிரை −1, y; அணிக்கோவை xy + 1 − xy = 1. இவ்வளவும் இரண்டாம் பொருளில் வெளிப்படை.

மூன்று உறுப்புகள் கொண்ட நிரையில் இந்த உத்தி உதவாது. x² + y² + z² = 1 என்னும் கோளத்தின்மீது x, y, z என்னும் நிரையை எடுத்துக்கொண்டால், af + bg + ch = 1 என்னும் நிபந்தனை தானே நிறைவுறுகிறது. ஆயினும் மற்ற இரு நிரைகளை நிரப்ப முடியாது. நிரப்ப முடியுமெனில் இரண்டாம் நிரை எங்கும் முதல் நிரைக்கு இணையாகாது. அதன் தொடுதளக் கூறு கோளத்தில் எங்கும் பூச்சியமாகாத அம்புகளைத் தந்துவிடும். அது இயலாது என்பதைக் காற்றின் எடுத்துக்காட்டில் கண்டோம். ஆகவே நிரப்ப முடியுமா என்பது இடத்துக்கு இடம் மாறும் உண்மையான வினா.

கோளத்தைப் போன்ற கட்டுப்பாடு ஏதுமில்லாத, மாறிகள் தடையின்றி இயங்கும் வெளியில் விடை என்ன? பிரெஞ்சுக் கணிதவியலார் ழான்-பியர் செர் 1955இல் வெளியிட்ட நெடுங்கட்டுரையில், இதற்கு நிகரானதொரு வினாவுக்கு விடை தெரியாது எனக் குறித்தார். அவர் அதனைக் கருதுகோளாக முன்வைக்கவில்லை எனினும் ‘செர் கருதுகோள்’ என்றே பெயர் பரவியது. ஒரு மாறிக்கு விடை முன்பே தெரிந்ததே. யூக்ளிட்டின் வகுத்தல் முறையே போதும். இரண்டு மாறிகளுக்கு எப்போதும் இயலும் என்பதை 1958இல் நிறுவியவர் சேஷாத்திரி. குறுகிய நிறுவல்தான். ஆனால் இடவியலாரின் சுருக்கல் முறைக்கு ஈடாக இயற்கணிதத்துக்குள்ளேயே ஒரு வழியை அது கண்டது.

அதற்குமேல் வேகம் குன்றிற்று. மூன்று மாறிகளுக்கு, இயற்கணித முறையில் அடைவுபெற்ற புலங்களின்மீது, 1974இல் பவமான் மூர்த்தியும் டவுபரும் விடை கண்டனர். அக்கட்டுரையின் தலைப்பிலும் ‘ட்ரிவியல்’ என்னும் சொல் உண்டு. எத்தனை மாறிகளாயினும் இயலும் என்பதை 1976இல் டேனியல் குயில்லனும் ஆந்த்ரேய் சுஸ்லினும் தனித்தனியே நிறுவினர். பின்னர் வாசெர்ஸ்டைன் அதனைச் சில பக்கங்களில் அடங்குமாறு எளிமையாக்கினார்; இன்று முதுகலை மாணவர் அந்நிறுவலைப் பாடநூலில் கற்கின்றனர். ஒன்று ‘ட்ரிவியல்’ என்று காட்ட 21 ஆண்டுகள் தேவைப்பட்டன. ‘எளிது’ என்றோ ‘வெளிப்படை’ என்றோ அதனைப் பெயர்த்தால் இவ்வரலாறு நகைப்புக்கிடமாகிவிடும்.

இயல்பும் திரிபும்

தமிழ்ப் புணர்ச்சி இலக்கணம் ஆராய்வதும் ஒட்டுதலையே. நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்தில் மாற்றம் நிகழாவிடின் இயல்பு. நிகழ்ந்தால் தொல்காப்பியர் அதனைத் திரிபு என்பார். மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூவகைப்படுத்துவார். நன்னூலார் விகாரம் எனப் பொதுப்பெயர் தந்து தோன்றல், திரிதல், கெடுதல் என்பார். இரு முனைகளைக் கூட்டும்போது மாற்றம் வேண்டப்படுகிறதா என்னும் ஒரே வினா கற்றைக் கோட்பாட்டிலும் புணரியலிலும் நிற்கிறது.

ஆகவே அமைப்புப் பொருளில் ‘ட்ரிவியல்’ கற்றையை ‘இயல்புக் கற்றை’ என்றும், மற்றையதைத் ‘திரிபுக் கற்றை’ என்றும் வழங்கலாம். சேஷாத்திரியின் தலைப்பு ‘இருபரிமாண வெளியின்மீதான வெக்டர் கற்றைகளின் இயல்புத்தன்மை’ என்றாகும். நிறுவப்பட வேண்டியதொன்றை அது கூறுகிறது என்பது படித்த அளவில் விளங்கும். சிறு இடத்தளவில் மட்டும் ‘ட்ரிவியல்’ ஆவதை ‘இடஞ்சார் இயல்பு’ எனலாம். கற்றையைப் பெருக்கல் வடிவத்துக்குக் கொண்டுவரும் செயலை ‘இயல்பாக்கம்’ எனலாம்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. புணர்ச்சியில் மாற்றம் கூடுமிடத்தில் எழுத்தாகவே தென்படும். கற்றையில் ஓரிடத்தில் தென்படும் மாற்றத்தைப் பெயரிடும் முறையை மாற்றி வேறிடத்துக்கு நகர்த்தலாம், சிலபோது முற்றிலும் நீக்கவும் செய்யலாம். முழுச்சுற்றுத் திருப்பிய ஓலை நீக்கத்தக்க திரிபுக்குச் சான்று. மோபியஸ் பட்டை நீக்கவொண்ணாத் திரிபுக்குச் சான்று. ‘திரிபுக் கற்றை’ என்பது பின்னையதையே குறிக்கும் என வரையறையில் சொல்லிவிடுதல் வேண்டும்.

‘முறுக்கற்ற கற்றை’ என்பது கண்முன் நிற்கும் சொல்லாதலின் சிலர்க்கு அதுவே உவப்பாகலாம். அதனை ஏற்பதில் இரு இடர்கள் உள்ளன. முழுச்சுற்று ஓலை முறுக்குடையதாயிருந்தும் இயல்பானது என்பது முதலாவது. ‘டார்ஷன்’ என்னும் வேறொரு இயற்கணிதக் கருத்துக்கு முறுக்கு என்பதே இயற்கையான பெயர்ப்பாக அமைவது இரண்டாவது. இரண்டும் ஒரே நூலில் வரும்போது குழப்பம் தவிராது. ‘இயல்’ என்னும் அடி முன்பே ‘இயல் எண்’, ‘இயல்நிலைப் பரவல்’ ஆகியவற்றில் வழங்குகிறது என்னும் தடையையும் எழுப்பலாம். அவை எண் கோட்பாட்டுக்கும் புள்ளியியலுக்கும் உரியவை. கற்றைகளோடு ஒரே பக்கத்தில் மோதும் வாய்ப்புக் குறைவு.

முதலிரு பொருள்களுக்கு ‘வெளிப்படை’யே நிற்கலாம். பாடநூலில் வேரூன்றிய ‘வெளிப்படைத் தீர்வு’, ‘வெளிப்படையற்ற தீர்வு’ ஆகியவற்றைக் களைவதால் பயனில்லை. ஜீட்டா சார்பின் பூச்சியங்களுக்கும் அவை பொருந்துகின்றன. ஒரே உறுப்புடைய குலத்தையும் ஆங்கிலம் ‘ட்ரிவியல்’ என்றே சொல்லும். அதற்கு வெளிப்படை, இயல்பு ஆகிய இரண்டில் எதுவும் வேண்டுவதில்லை. ‘ஓருறுப்புக் குலம்’ என்றால் போதும்.